உப்பளமும் ஏற்காடும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை. வங்கி வேலையில் இரண்டு வருடமாக வேதாரண்யத்தில் இருக்கிறேன். உங்கள் ஏற்காட்டுக் கட்டுரையைப் படித்த பிறகு எழுதத் தோன்றியது.

போன மாதம் இங்கே ஒரு கூட்டம் நடந்தது. இந்தக் கடலோர வட்டாரத்தின் பாரம்பரியத்தையும் இயற்கை வளத்தையும் வைத்து மக்களின் வருமானத்தைக் கூட்டுவது எப்படி என்பதுதான் பேச்சு. பேசியவர் திரையில் படங்களைப் போட்டார். உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண், மறைக்காட்டுநாதர் கோயில், கோடிக்கரையில் பூநாரைகள், வெளிமான்கள். கடைசியில், "இவ்வளவு இருந்தும் ஏற்காட்டுக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. ஏற்காடு போல இதையும் ஆக்கவேண்டும்" என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்தவன் என்பதாலா என்று தெரியவில்லை.

அதே வாரம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா கடன் கேட்டு வந்தார். படிவத்தில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. "மழை மாசத்துல ஒண்ணும் கிடையாதுங்க, எதை எழுதுறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தையும் இந்த அம்மாவையும் சேர்த்து யோசிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. பாரம்பரியம், இயற்கை வளம் என்றாலே சுற்றுலாதானா? இன்னொன்று. சேலத்துக்காரன் உனக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று இங்கே நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கேலிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். வேதாரண்யத்து உப்பை நாடறியச் செய்தவர் சேலத்துக்காரர். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு பேரோடு நடக்கத் தொடங்கினார். 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார், 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். வழியில் இவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். சோறு மரத்தில் காய்த்தால் யாரைப் பிடிப்பது? வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர் போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்ய மறுத்ததையும் அங்கே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இனி யாராவது கேலி செய்தால் சேலத்துக்காரன் நடந்து வந்துதான் உங்கள் உப்பை எடுத்தான் என்று சொல்லுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. வேதாரண்யம் குடிக்கிற கொள்ளிடம் கூட்டுக்குடிநீர், காவிரியில் நீர் ஓடும் காலத்தில் மேட்டூரைத் தாண்டி வந்த தண்ணீர். 1934-ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ல் மதகு திறந்தால் இங்கே பத்திரிகையில் படம் வருகிறது. அந்தத் தண்ணீருக்கு உங்கள் பக்கம் கடைமடை. வருகிற நாளும் தெரியாது, வருமா என்பதும் தெரியாது. நாம் தலைமடைக்காரர்கள் என்பதால் கடைமடையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கடமை இருக்கிறது.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன்.

ஏற்காட்டை அந்தக் கூட்டத்தில் பேசியவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று ஊகிக்க முடிகிறது. ஏரி, படகு, மே மாத மலர்க் கண்காட்சி, கொண்டை ஊசி வளைவுகளில் வரிசை கட்டி ஏறும் கார்கள். சேர்வராயன் கோயில் மேட்டில் வாழும் மலையாளி என்கிற பழங்குடி மக்களின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சேர்வராயன் அவர்களுக்குக் குலசாமி. மேலே வருகிறவர்களுக்கு அது காட்சிமுனை. காபியை 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தோட்டம் ஒருவருடையது, பழம் பறிப்பது வேறொருவர். சுற்றுலா வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. தங்கும் விடுதி ஒருவருடையது, படுக்கை விரிப்பது வேறொருவர். மூன்றாவதாக பாக்சைட் வந்தது. மலையை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டிய இடங்களைச் செம்மண் தழும்பாக இன்றும் பார்க்கலாம்.

கெட்டது மட்டும் நடந்தது என்று சொல்லவில்லை. சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மிளகுக்கு வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்குகிற வண்டிகளோடு பணமும் இறங்கிவிடுகிறது. மேலே தங்குவது குப்பை. ஒரு மே மாதம் ஏரிக்கரையில் டீ குடித்தபோது கடைக்காரர் சொன்னார், வீட்டுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்குகிறாராம். எதிரே ஏரி நிறையத் தண்ணீர் கிடந்தது. உங்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் ஊர். அங்கே எனக்கு மூன்று தடவை போக வாய்த்தது. கோடிக்கரைக் காட்டில் ராமர் பாதம் என்று ஒரு மேடு காட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே உயரமான இடமாம். 5,000 அடி மலையடியில் பிறந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. மேலே ஏறி நின்றபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நாலு ஆள் உயரம் இருக்காது, ஆனால் சுற்றிலும் தெரிகிற காடும் சதுப்பும் வானமும் ஏற்காட்டுப் பகோடாப் பாயின்ட்டில் நின்றால் கிடைக்காது. கோடிக்கரை 1967-லேயே சரணாலயம் ஆயிற்று, 2002-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. காட்டைச் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. கடற்கரையோரம் இருந்த பழைய சோழர் கலங்கரை விளக்கத்தில் மிச்சமிருந்ததையும் 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. 2018 நவம்பரில் கஜா புயல் மா, தென்னை, உப்பளம் எதையும் விடவில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு வட்டாரம் எழுந்து நிற்கிறது என்றால் அதைத் தூக்கி நிறுத்தியது எது என்றுதான் கேட்கவேண்டும். நினைவுத்தூணா?

எனக்குத் தெரிந்த பதில் உப்பு. முல்லைப்பூவும் மாம்பழமும் கருவாடும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று சுமார் 9,000 ஏக்கரில் விரிந்து கிடப்பது உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம்.

உப்பு எடுப்பதைப் பார்த்தால் சும்மா தண்ணீரை வெயிலில் காயவிடுவது போலத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் நாம் சாப்பிடுகிற உப்பு 27 கிராம் போல. மீதியெல்லாம் வேறு சரக்கு. நீர் வற்ற வற்ற ஒவ்வொன்றும் தன் முறை வரும்போதுதான் கீழே இறங்கும். முதலில் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதன்பிறகு சோற்றுப்பு. கடல்நீர் அடர்த்தி போமே மானியில் 3 டிகிரி காட்டும். 25-ஐத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கூடச் சேர்ந்து சரக்கு கசக்கும், ஈரம் இழுக்கும். அதற்குமுன் நீரை வடித்துவிட்டு வாரவேண்டும். ஆகவே ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு எப்போது நீரைத் திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. அளத்தில் ஒரு பெரியவர் பாத்தியில் கை நனைத்து, விரலைத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்" என்றார். மானி எதுவும் அவர் கையில் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பாரம்பரியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்த விரலைக் காட்டுவேன். கூட்டத்தில் பேசியவர் திரையில் அது வந்திருக்காது.

வடித்துவிடுகிற அந்தக் கசப்பு நீரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை, சேலத்துக்காரனாக. அதில் இருக்கிற மக்னீசியம்தான் நம் ஊர் வெள்ளைக்கல்லிலும் இருக்கிறது. ஓமலூர் பாதையில் வெள்ளையாக மேடு மேடாகத் தெரியுமே, வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் மக்னசைட். சுட்டுச் செங்கல்லாக்கி இரும்பு உலைக்கு உள்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள். சில நாடுகளில் இதே சரக்கைக் கடல்நீரிலிருந்தே எடுக்கிறார்கள். நம் ஊரில் மலையை வெட்டுகிறோம், உங்கள் ஊரில் அதே பொருளை வடித்துக் கொட்டுகிறோம்.

வளம் ஓர் இடத்தில், லாபம் வேறோர் இடத்தில் என்பதற்குச் சேலத்தையும் கடற்கரையையும் சேர்த்தே ஒரு பழைய கதை இருக்கிறது. ஹீத் என்று ஒரு ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். 1830-ல் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் இரும்பாலை போட்டார். இரும்புக்கல் சேலத்தில். உலை கடலோரத்தில். எரிக்கக் கரி வேண்டும், அதற்குக் காடு. வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. முப்பது வருடத்துக்குமேல் தட்டுத்தடுமாறி ஓடி, கரிக்கு மரம் கிடைக்காமலும் கடனாலும் ஆலை நின்றது. ஹீத்துக்கும் இதில் எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு முன்பு சேலத்துக் கிராமங்களில் மண் உலை வைத்துச் சின்னச் சின்னதாக இரும்பு உருக்கிக்கொண்டிருந்த சனங்கள் இருந்தார்கள். அவர்களுடைய கைவேலை திரும்ப வரவேயில்லை. எனக்கு ஹீத்தைவிட அவர்களைப் பற்றித்தான் வருத்தம்.

சங்கப் பாட்டில் உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்கு வருவார்கள். நெல்லுக்கு உப்பு, அளவுக்கு அளவு. ஒரு படி நெல், ஒரு படி உப்பு. இன்றைக்கு அளத்தில் நின்று இந்தக் கணக்கைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் என் சின்ன வயதில் கல் உப்பு கோணிச் சாக்கில் வந்து இறங்கும், சாக்கு எப்போதும் ஈரமாக இருக்கும். பாட்டி படியால் அளந்து வாங்கிக் கல்சட்டியில் கொட்டி வைப்பாள். இன்று உப்பு பாக்கெட்டாகிவிட்டது. 2006-லிருந்து, சாப்பாட்டுக்கு விற்கிற உப்பில் அயோடின் கட்டாயம். நல்ல சட்டம்தான், கழுத்துக்கழலை குறைந்தது. ஆனால் அதன் பக்கவிளைவை யாரும் பேசுவதில்லை. அயோடின் சேர்க்க, கழுவ, பாக்கெட் போட இயந்திரம் வேண்டும். அது இல்லாத சின்ன அளக்காரர் உப்பை மொத்தமாகக் கொடுத்துவிடவேண்டியதுதான். பாக்கெட்டில் அச்சிட்ட விலையில் பெரும்பகுதி சேர்வது அளத்தைத் தாண்டிய பிறகு.

இதற்கு வழியே இல்லையா என்றால், நம் ஊர் ஜவ்வரிசியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்து ஆரம்பித்தார்கள். ஆலைக்காரர்கள் ஆளுக்கொரு விலைக்கு விற்று வியாபாரியிடம் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1981-ல் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் வந்தது. சரக்கைக் கிடங்கில் வைக்கலாம், அதன்மேல் முன்பணம் வாங்கலாம், ஏலத்தில் விற்கலாம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு விவசாயிக்கு இதனால் விடிந்துவிட்டது என்று நான் சொன்னால் ஆத்தூர்ப் பக்கத்து வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். விலை விழுகிற வருடம் விழத்தான் செய்கிறது, மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை. ஆனாலும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த விலைக்கு இல்லை, பொறுத்துத் தருகிறேன்" என்று சொல்கிற தெம்பு ஒன்று உண்டல்லவா, அதைக் கிடங்கு கொடுத்தது. உப்பளக்காரருக்கு இல்லாதது அந்தத் தெம்புதான். மழைக்குமுன் விற்றாகவேண்டும். தார்ப்பாயும் கீற்றும் போட்டு மூடி வைத்த குவியல் ஒரு பெருமழைக்குத் தாங்காது.

அரசு உப்புக் கழகம் 2022-ல் நெய்தல் உப்பு என்று பாக்கெட் கொண்டுவந்தது. அது ராமநாதபுரம் வாலிநோக்கத்துச் சரக்கு. வேதாரண்யத்துச் சிறு அளக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து அப்படி ஒரு பாக்கெட் போட வந்தால், அதற்கு என்ன ஈடு கேட்பீர்கள்? உங்கள் வங்கியைத்தான் கேட்கிறேன். அள நிலம் பெரும்பாலும் குத்தகை, பட்டா கிடையாது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டுதான் எல்லாம் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கூட்டத்தில் கைதட்டிய நேரத்தில் இதைக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை, அடுத்த கூட்டம் வரும்.

ரயில் இன்னொன்று. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி 37 கிலோமீட்டர் பாதையை அகலமாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். முன்பு மீட்டர் கேஜ் காலத்தில் உப்பு அதில் ஏறிப் போனது, அதற்கும் முன்பு கால்வாயில் படகில். அந்தப் பாதை பக்தர்களை ஏற்றி வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். திரும்பும்போது உப்பையும் ஏற்றிக்கொண்டு போகலாமே.

சுற்றுலாவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வரட்டும், ஆனால் பின்னால் வரட்டும். பூநாரை வருவது சதுப்பில் இரை இருப்பதால். இரை இருப்பது நன்னீரும் உப்புநீரும் சரியான பக்குவத்தில் கலப்பதால். நன்னீர் வருவது குறைந்தால் பறவை குறையும், பறவையைப் பார்க்க வருகிறவரும் குறைவார். விடுதி மட்டும் நிற்கும். கோடிக்கரையில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் வந்து வாடி போட்டுத் தங்கிக் கருவாடு காயவைக்கிறார்களே, அதுவும் ஒரு பாரம்பரியம்தான். சுற்றுலாக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார் என்பதற்காக அவர்களை எழுப்பிவிடுகிற நாள் வந்தால், ஏற்காடு போல ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த அம்மாவும் அவருடைய கட்டமும். வருமானம் மாதம் மாதம் வருவது என்று அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் நினைத்திருக்கிறார். உப்புக்கு மாதம் கிடையாது, பருவம்தான். தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை வேலை. அப்புறம் சும்மா. அந்தச் சும்மா மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது தேவை என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது வங்கி ஏன் ஒப்புக்கொள்ளக்கூடாது? பயிர்க்கடனை அறுவடைக்குத் தவணை வைத்து வாங்குகிறீர்கள். உப்பும் பாத்தியில் விளைவதுதான், வாருவதுதான் அறுவடை. தவணையை மாசியிலிருந்து புரட்டாசிக்குள் அடைக்கிற மாதிரி பிரித்துப் போட்டுப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து எழுத விதி இடம் கொடுத்தால் எழுதுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு குறிப்பு அனுப்புங்கள். முதல் குறிப்பைக் குப்பையில் போடுவார்கள். இரண்டாவதை யாராவது படிக்கலாம். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அந்த அம்மாவின் காலை முடிந்தால் ஒருமுறை பாருங்கள், அவர் சங்கடப்படாதபடி. வருடக்கணக்காக உப்புநீரில் நின்ற கால். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணும் கூசிக் கெடும். பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் பெரிய செலவில்லை. கூட்டத்தில் திரையில் படம் காட்டிய நேரத்தில் இதற்கு ஒரு பட்டியல் போட்டிருக்கலாம்.

பங்குனியில் ஊருக்கு வருவீர்கள் என்றால் அளத்திலிருந்து இரண்டு படி கல் உப்பு கொண்டுவாருங்கள். இங்கே மாவடு வந்துவிடும். பாக்கெட் உப்பில் போட்டால் வடு சுருங்குவதில்லை என்று வீட்டில் ஒரு நம்பிக்கை, என் பேச்சு அதில் எடுபடுவதில்லை.

அன்புடன்.